வாசல் வாசலாகக் கேட்ட ஆறாம் வகுப்பு

நெத்திலி காயும் வாசனை வெயில் ஏற ஏற மாறிக்கொண்டே போகும் என்பது கடற்கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். காலையில் அது வெறும் ஈரமும் உப்புமாக இருக்கும். உச்சிப்பொழுதில் மணல்சூட்டில் வதங்கி மூக்கில் கமறும். மூன்று மணிக்கு மேல், மீன் சருகாகிக் கையால் அள்ளினால் சலசலக்கிற பதத்துக்கு வந்ததும், வயிறு நிறையச் சாப்பிட்டவருக்கும் மறுபடி பசியெடுக்க வைக்கிற ஒரு மணம் ஊர் முழுக்கப் பரவும். அந்த மூன்று மணி மணத்தை எந்தச் சந்தையில் நுகர்ந்தாலும் இன்றைக்கும் என் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. கூடவே சிரிப்பும் வந்துவிடுகிறது. எனக்குப் பதினோரு வயதான ஒரு கோடையில், பெண்கள் கருவாட்டைப் புரட்டிப் போட்டபடி காக்கை விரட்டிக்கொண்டிருக்கும் அந்த நேரம் பார்த்துத்தான் நான் வாசல் வாசலாகப் போய் நின்றேன். "ஆறாப்புக்கு ஆள் கேட்ட புள்ள" என்றுதான் வெகுகாலத்துக்கு ஊரில் எனக்கு அடையாளம் சொன்னார்கள்.

சுதந்திரம் வந்து எட்டொன்பது வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தீவில் அக்காள்மடத்துப் பாதையை விட்டுக் கடல்பக்கம் இறங்கினால் நாற்பது ஐம்பது ஓலைவீடுகள் இருக்கும்; பாதிக்கு மேல் எங்களைப் போன்ற வேதக்காரக் கிறிஸ்தவர்கள், கொஞ்சம் முஸ்லிம் வீடுகள், ரயில்பாதையோரம் நாலைந்து இந்துக் குடும்பங்கள். என் அய்யா வத்தை என்கிற சின்னப் பாய்மரப் படகில் மீன்பாட்டுக்குப் போகிறவர். அம்மா கருவாடு போடுவாள். என்னைவிட நாலு வயது மூத்த செசிலி அக்கா பனையோலைப் பெட்டி முடைவாள். நான் எதற்கும் உதவாத "வாய்செத்த புள்ள".

அந்தப் பட்டம் எனக்குச் சும்மா வரவில்லை. அப்போதெல்லாம் தீப்பெட்டியை மிச்சம் பிடிப்பதற்காகக் காலையில் எந்த வீட்டில் முதலில் அடுப்பு புகைகிறதோ அந்த வீட்டிலிருந்து ஒரு சிரட்டையில் கங்கு வாங்கிவந்து மற்ற வீடுகளில் அடுப்பு மூட்டுவார்கள். அம்மா என் கையில் சிரட்டையைக் கொடுத்து அனுப்புவாள். நான் பக்கத்து வீட்டு ஓலைவேலிக்கு வெளியே, உள்ளே இருப்பவர்கள் கண்ணில் படாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, "இல்லைன்னுட்டாக" என்று சொல்லிவிடுவேன். மூன்றாவது நாள் அந்த வீட்டு அத்தையே வந்து, "என்ன மதினி, ரெண்டு நாளா கங்கு வாங்க ஒங்க வீட்டு ஆளே வரல, எங்ககிட்ட எதும் கோவமா?" என்று கேட்டபோது குட்டு உடைந்தது. அம்மா அடிக்கவில்லை. "கேட்டா ஒன்னு இந்தான்னு குடுப்பாக, இல்லாட்டி இல்லைன்னு சொல்லுவாக. கழுத்தையா வெட்டப் போறாக?" என்றாள். அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் பயத்துக்கு நியாயம் தெரியாதே. "இல்லை" என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டால் பிறகு அந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படி ஊருக்குள் நடமாடுவது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு எல்லாம் முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்கிற பையன்கள் பாம்பனுக்கோ பாலத்தைத் தாண்டி மண்டபத்துக்கோ போவார்கள். பெண்பிள்ளையை ரயிலேற்றிப் படிக்க அனுப்புகிற வழக்கம் யார் வீட்டிலும் இல்லை. அந்த வருஷத்துக் கடைசி நாளில் எங்கள் கிரேஸ் டீச்சர், வந்துபோன இன்ஸ்பெக்டர் சொன்னதை எங்களிடம் சொன்னார்: பெண்பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்தால் இங்கேயே ஆறாம் வகுப்பு திறக்க அனுமதி தருவார்கள், பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு அவர் வந்து பார்க்கும்போது பத்துப் பேரும் உட்கார்ந்திருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் இல்லை. சொல்லிவிட்டு, ஆறாம் வகுப்புக்கான பூகோளப் புத்தகத்தையும் விரித்துக் காட்டினார். ஐந்தாம் வகுப்புவரை நாங்கள் பார்த்தது சுவரில் தொங்கிய ஒரே ஒரு படம். அதில் எங்கள் தீவு ஒரு கடுகு. இந்தப் புத்தகத்திலோ பக்கத்துக்குப் பக்கம் கடலாக இருந்தது, ஒவ்வொரு கடலுக்கும் ஒரு பெயர் இருந்தது. எங்கள் கடலைத் தவிர வேறு கடல்களும் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் நன்றாக உறைத்தது. அந்தப் புத்தகம் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. அதற்கு முன்னால் எதையும் அப்படி ஆசைப்பட்டதில்லை.

"டீச்சர், நீங்க வீடு வீடாப் போய்க் கேப்பீகளா?" என்று யாரோ கேட்டார்கள். கிரேஸ் டீச்சர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எங்கள் ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது, இருபத்திரண்டு வயதிருக்கலாம். "போன வருஷம் போனேன். வெளியூர்க்காரிக்கு என்ன தெரியும்னு சொல்லிட்டாங்க. எனக்குத் திரும்பப் போகக் கூச்சமா இருக்கு" என்று எங்களிடமே ஒளிக்காமல் சொன்னார். பெரியவர்களுக்கும் கூச்சம் இருக்கும் என்பது எனக்குப் புதிய செய்தி. அதைவிடப் பெரிய செய்தி, டீச்சர் போகாவிட்டால் கேட்பதற்கு வேறு யாரும் இல்லை என்பது.

மூன்று நாள் யோசித்தேன். நாலாவது நாள் என் கூட்டாளி பிலோமியின் அம்மா கித்தேரி அத்தை கருவாடு புரட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை உருப்போட்டுக்கொண்டு போனேன்: 'அத்தை, பிலோமியை ஆறாப்புக்கு அனுப்புவீகளா?' மணல் கொதித்தது; ஒரு பனைநிழலிலிருந்து இன்னொரு பனைநிழலுக்கு ஓடி ஓடிப் போய் அவர் முன்னால் நின்றதும் மூச்சு வாங்கியதில், "அத்தை, ஆறாப்பை பிலோமிக்கு அனுப்புவீகளா?" என்று வந்துவிட்டது.

கித்தேரி அத்தை கையிலிருந்த கம்பைப் போட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்த நாலு பெண்களும் சிரித்தார்கள். "ஆறாப்பு என்ன பார்சல்ல வருதா ஆத்தா? ரயில்லயா, தோணிலயா?" நான் அழுதுவிடப் போகிறேன் என்று நினைத்தேன், ஆனால் அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அத்தை சொன்னார்: "போ புள்ள. பிலோமி படிக்கப் போயிட்டா கைப்புள்ளைய யாரு பாக்குறது? நான் மீனப் பாப்பனா, பயலப் பாப்பனா? அதெல்லாம் ஆகாது." என் கை நிறையக் காய்ந்த நெத்திலியை அள்ளிக் கொடுத்து அனுப்பினார்.

அதுதான் என் வாழ்க்கையில் நான் நேருக்கு நேர் வாங்கிய முதல் "ஆகாது". அன்றைக்கே வேறு மூன்று வீடுகளுக்கும் போனேன். போனதற்குத் துணிச்சல் காரணமில்லை, நின்றால் திரும்ப நடக்கமாட்டேன் என்ற பயம்தான் காரணம். மூன்று வீட்டிலும் முடியாது என்றார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் தூக்க ஆளில்லை, ஒரு வீட்டில் மாமன் மகன் சம்மதிக்கமாட்டான், ஒரு வீட்டில், "படிச்சவளுக்கு எங்க போயி மாப்பிள்ள தேடுறது?" வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, என்ன ஆயிற்று என்று என்னையே பார்த்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. நன்றாகப் பசித்தது. இரண்டு தட்டுக் கஞ்சி குடித்தேன்.

செசிலி அக்காதான் ஓலை முடைந்தபடியே கேட்டாள்: "என்ன காரணம் சொன்னாக?" நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். "காரணம் சொல்லியிருக்காகல்ல? அப்ப அது பாதி சம்மதந்தான். சும்மா வேணாங்கிறவுககிட்டதான் பேச முடியாது" என்றாள். அக்கா அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் ராமநாதபுரத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்கிறேன் என்று அய்யாவிடம் கேட்டாள். அய்யா, "வேணாம்" என்று ஒரே சொல் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அய்யாவிடம் யாரும் எதையும் நேராகக் கேட்டதில்லை.

கித்தேரி அத்தை சொன்ன கைப்பிள்ளை என் தலைக்குள் அழுதுகொண்டே இருந்தான். மறுநாள் டீச்சர் தங்கியிருந்த வீட்டுக்குப் போய், "பிலோமி தம்பிய இடுப்புல வச்சிக்கிட்டு வந்தா வகுப்புல உக்கார விடுவீகளா?" என்று கேட்டேன். "அழுதா?" என்றார் டீச்சர். "வெளிய தூக்கிட்டுப் போயி ஆட்டிட்டு வருவா." டீச்சர் சிரித்து, "சரி, வரச்சொல்லு. ரெண்டு பேருக்கும் சேர்த்தே பாடம் நடத்துறேன்" என்றார். அந்தச் "சரி"யைத் தூக்கிக்கொண்டு நான் கித்தேரி அத்தையிடம் ஓடியதுபோல அதற்கு முன்னும் பின்னும் ஓடியதில்லை. அத்தை நம்பவில்லை. "மெய்யாவா? பயலோடயா?" என்று மூன்று தரம் கேட்டார். பிறகு, "அப்ப போகட்டும், எனக்கும் ரெண்டு மணி நேரம் கை ஓயும்" என்றார்.

அதன்பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன் என்று சொன்னால் பொய். ஒவ்வொரு வாசலிலும் உள்ளங்கை வேர்த்தது. ஆனால் வேர்க்கிற கையோடு போய் நிற்க முடியும் என்று தெரிந்துவிட்டது. தண்ணீர் தூக்க ஆளில்லாத வீட்டுப் பெண்ணுக்கு, காலையில் நானும் பிலோமியும் இரண்டு குடம் சேர்த்துத் தூக்கித் தருவதாகச் சொன்னோம். மாமன் மகன் சம்மதிக்கமாட்டான் என்ற வீட்டில் அந்த மாமன் மகனையே போய்ப் பார்த்தேன், என்னைவிட மூன்று வயது மூத்தவன், வலைக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தான், "அவ படிச்சா எனக்கென்ன? என்னைய யாரும் கேக்கவே இல்லையே" என்றான். ரயில்பாதையோரத்தில் கேங்மேன் வீட்டில் இரண்டு பெண்கள்; அந்த வீட்டு அம்மா நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள், "எப்ப தெறக்குறாக? ரெண்டு பேரும் வாராளுக" என்றார். இல்லை என்ற சொல்லுக்குத் தயாராகப் போன நான் "நெசமாவா?" என்று கேட்டுவிட்டு நன்றிகூடச் சொல்லாமல் ஓடிவந்துவிட்டேன்.

எல்லா வாசலும் அப்படித் திறந்துவிடவில்லை. ஊரில் பெரிய படகு வைத்திருந்த சம்மாட்டி வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அந்த வீட்டம்மா, ஏழெட்டுப் பேர் கூடியிருந்த முற்றத்தில் வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்து, "எம் மவ கூட சமமா உக்காரணும்னு ஆசையாக்கும்? ஒங்கய்யா வத்தையில பாய் கிழிஞ்சு தொங்குது, அதத் தைக்கச் சொல்லு மொதல்ல" என்றார். கூடியிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை; அதுதான் இன்னும் வலித்தது. கடலில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் எந்த வீட்டுக்கும் போகவில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் அந்த வாசலுக்கே போனேன். ஏன் போனேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அந்த வாசலைத் தாண்டிப் பயந்து பயந்து நடப்பதைவிட இன்னொரு தரம் திட்டு வாங்குவது மேல் என்று தோன்றியிருக்க வேண்டும். அந்தம்மா கதவையே திறக்கவில்லை. நாலு தரம் போனேன், நாலு தரமும் இல்லை. அந்தப் பெண் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து எங்களைப் பார்த்தபடியே வளர்ந்தாள். அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

முஸ்லிம் தெருவில் ஹமீதா என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்தவள், கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் வாப்பா கொழும்பில் கடையில் இருந்தார். உம்மாவை நான் ஜொகரா மாமி என்று கூப்பிடுவேன். மாமி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தட்டில் தேங்காய்ப்பால் ஆப்பம் வைத்துவிட்டுத்தான் பேசினார். "எனக்கு ஆசைதான் புள்ள. ஆனா அவுக வாப்பாவக் கேக்காம நான் எப்படிச் சரின்னு சொல்ல? எனக்கு எழுதவும் தெரியாது. ஒன்னு செய்யி, நீயே ஒரு கடுதாசி எழுதித் தா." நான் எழுதினேன். மாமி சொன்னதை எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் என் சொந்தமாக இரண்டு வரி சேர்த்து மாமிக்கு வாசித்தும் காட்டினேன்: 'மாமா, இந்தக் கடுதாசியை எழுதுகிறவள் ஹமீதாவின் கூட்டாளி. அவள் வராவிட்டால் எங்களுக்குப் பத்துப் பேர் சேராது. தயவுசெய்து சரி என்று எழுதவும்.' முகமே தெரியாத ஒருவரிடம், கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம், நான் கேட்டிருக்கிறேன் என்ற நினைப்பில் அன்று முழுதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருக்கும்போது டீச்சர் பெயர் எழுதினார். எட்டுப் பேர் நிச்சயம். ஹமீதா ஒன்பது, கொழும்பிலிருந்து பதில் வரவேண்டும். "நீ பத்து" என்று என் பெயரை எழுதிவிட்டு டீச்சர் நிமிர்ந்தார். "உங்க வீட்டுல என்ன சொன்னாங்க?"

ஊரில் ஒரு வாசல் விடாமல் ஏறி இறங்கியவள், எங்கள் வீட்டில் மட்டும் கேட்கவே இல்லை.

அம்மாவிடம் போய் நின்றேன். "நீ கேளும்மா." அம்மா கருவாட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டே, "ஊரக் கேட்ட வாய்க்கு அய்யாவக் கேக்கத் தெரியாதாக்கும்? நான் கேட்டா எனக்குத்தான் பதில் சொல்லுவாக. நீயே போயிக் கேளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அய்யாவின் வத்தை கரை பிடிக்கும் வரைக்கும் மணலில் நின்றிருந்தேன். அய்யா இறங்கி, வலையை விரித்து, சிக்கியிருந்த மீனை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். பேசாதவரிடம் கேட்பது இருட்டுக் கிணற்றில் வாளி விடுவதுபோல, எங்கே போய்த் தட்டும் என்று தெரியாது. இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எனக்கு மட்டுமில்லை, ஒன்பது பேருக்கும் இல்லாமல் போய்விடும். என்ன சொல்வதென்று தெரியாமல், எல்லா வாசலிலும் சொல்லிப் பழகிய அதே வாக்கியத்தையே சொன்னேன்: "ஒங்க மவள ஆறாப்புக்கு அனுப்புவீகளா?"

அய்யா தலை நிமிரவில்லை. "எந்த மவள?" என்றார்.

"சின்னவள."

ஒரு மீனை எடுத்துக் கூடையில் போட்டார். இன்னொன்றை எடுத்தார். "ஒரு மாசமாப் பாக்கேன். கடல்ல எதிர்ல வாரவனெல்லாம், ஒம் மவ இன்னைக்கு எங்கூட்டு வாசலுக்கு வந்தாளேங்கான். எல்லா வீட்டுக்கும் போறாளே, நம்ம வீட்டுக்கு எப்பதான் வருவாளோன்னு நானும் உக்காந்துட்டேன். என்னையப் பாத்தா அவ்வளவு சட்டுன்னு வேணாங்கிற ஆளாவா தெரியுது?"

பொய் சொல்லியிருக்கலாம். எப்படியோ, "ஆமா" என்று வந்துவிட்டது.

அய்யா வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து வத்தைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றதும் வலையை மறுபடி கையில் எடுத்தார். "ஒங்கக்கா கேட்டப்ப வேணாம்னேன். அங்கன தனியாக் கெடக்குமே புள்ளைன்னு பயம். மறுநா கேட்டிருந்தா சரின்னிருப்பேன். அவ ஒரு தடவைதான் கேட்டா" என்றார். பிறகு, "போ, போயி பேர எழுதச் சொல்லு. எழுதியாச்சா? அதானே, நீ எழுதாமயா வருவ" என்றார்.

நான் நேராக ஓடியது டீச்சரிடம் இல்லை, அக்காவிடம். அய்யா சொன்னதை அப்படியே சொன்னேன். செசிலி அக்கா முடைந்துகொண்டிருந்த பெட்டியைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து முடைய ஆரம்பித்தாள். மறு வருஷம் அவள் ராமநாதபுரத்தில் தையல் படிக்கப் போகிறேன் என்று அய்யாவிடம் கேட்டாள். வேண்டாம் என்றார். மறுநாள் கேட்டாள். பார்க்கலாம் என்றார். மூன்றாம் நாள் அவள் வாயைத் திறப்பதற்குள், "சரி, பெட்டிய எடு" என்றார். அவள் தைத்த சட்டைகளைப் போட்டுக்கொண்டுதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வளர்ந்தார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் நாங்கள் ஒன்பது பேர் ஒன்றாகக் கிளம்பினோம். பிலோமியின் இடுப்பில் தம்பி, இன்னொருத்தி இடுப்பில் தங்கச்சி, கேங்மேன் வீட்டுப் பெண்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சிலேட்டு. தலையில் எண்ணெய் வழிய வழிய வாரிக்கொண்டு நாங்கள் போன போக்கைப் பார்த்துக் கருவாடு காயப்போட வந்த பெண்கள், "கல்யாண வீட்டுக்குப் போற மாதிரில்ல போறாளுக" என்று கேலி செய்தார்கள். கொழும்புக் கடிதம் மட்டும் வரவில்லை. தபால்காரர் முந்தின நாளும் கையை விரித்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். வழுக்கைத் தலை, கையில் குடை, கண்டிப்பான முகம். பெஞ்சு பெஞ்சாகத் தலைகளை எண்ணிக்கொண்டே வந்தவர் பிலோமி தம்பியிடம் வந்ததும் நின்றார். "இது யாரு?" பிலோமி எழுந்து, "எந் தம்பி சார். இவனும் ஆறாப்புதான்" என்றாள். பின்னால் நின்ற கிரேஸ் டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டருக்கும் மீசை துடித்தது, ஆனாலும், "இவனை எண்ண முடியாதும்மா. ஒன்பதுதான் இருக்கு" என்றார்.

அப்போது நான் எழுந்து நின்றேன். ஒரு மாதத்துக்கு முன்னால் அந்த மாதிரி மனிதர் எதிரில் என்னால் மூச்சுக்கூட விட்டிருக்க முடியாது. "சார், இன்னொரு ஆள் வரணும். கொஞ்ச நேரம் பொறுப்பீகளா?" என்றேன். "வருவாளா?" என்றார். "தெரியல சார்" என்றேன். அவர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

எவ்வளவு நேரம் போனதோ, ஓலைப்படலைத் தள்ளிக்கொண்டு ஜொகரா மாமி உள்ளே வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டு, ஹமீதாவின் கையைப் பிடித்திருந்தார். முஸ்லிம் தெருவைத் தாண்டி அவர் அப்படித் தனியாக நடந்து வந்ததை ஊர் அதுவரை பார்த்ததில்லை. அவர் குரல் நடுங்கியது எனக்கு நன்றாகக் கேட்டது. என் குரல் எத்தனை வாசலில் அப்படி நடுங்கியிருக்கிறது! "கடுதாசி இன்னும் வரல டீச்சரம்மா. வார வரைக்கும் புள்ள இங்கன உக்காந்திருக்கட்டும். வேணாம்னு வந்தா, அவுகளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். ஹமீதா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் எழுந்து, "பத்து" என்று சத்தமாகச் சொன்னார். நாங்கள் எல்லாரும் கத்திய கத்தலில் பிலோமியின் தம்பி வீறிட்டு அழுதான். அவள் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். எங்கள் ஆறாம் வகுப்பு அப்படித்தான் தொடங்கியது.

ஒரு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. மாமி என்னைத்தான் வாசிக்கச் சொன்னார். 'இதற்கு இத்தனை யோசனையா, சேர்த்துவிட்டு எழுதியிருக்கக் கூடாதா' என்று இருந்தது. மாமி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "அல்லா! எழுதிட்டுச் சேத்தேன், சேத்துட்டு எழுதியிருந்தா ஒரு மாசம் தூங்கியிருப்பேனே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பிற்காலத்தில் நான் கிராம சேவிகாவாக வேலைக்குச் சேர்ந்தேன். நயினார்கோவில் பக்கத்து விவசாயச் சம்சாரி வீடுகளிலும் பெரியபட்டினத்துத் தெருக்களிலும் வாசல் வாசலாகப் போய் நின்று, பிள்ளைக்கு ஊசி போடுங்கள், கிணற்றுக்கு மூடி போடுங்கள் என்று கேட்பதுதான் முப்பது வருஷமும் என் பிழைப்பாக இருந்தது. முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தியவர்களும் உண்டு, உட்காரவைத்துச் சோறு போட்டவர்களும் உண்டு. எந்த நாளிலும் முதல் வாசலில் உள்ளங்கை வேர்க்காமல் இருந்ததில்லை.

போன மாதம், வெகுநாள் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். கடல் கொஞ்சம் உள்ளே வந்து கித்தேரி அத்தை கருவாடு காயப்போட்ட இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. ஓலைவேலிகள் ஒன்றுகூட இல்லை. எல்லா வீட்டுக்கும் மதில், மதிலுக்கு இரும்புக் கதவு, கதவில் அழைப்புமணி. எங்கள் பத்துப் பேரில் இப்போது நானும் ஹமீதாவும் கேங்மேன் வீட்டு இளையவளும்தான் இருக்கிறோம். பெண்ணைப் படிக்க அனுப்புங்கள் என்று வாசலில் நின்று கேட்கிற வேலை அங்கே யாருக்கும் இல்லை. அது இல்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. பள்ளிக்கூடம் இன்றைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் மாடிமேல் மாடியாக நிற்கிறது. மணியடித்து வேனும் சைக்கிளுமாகப் பெண்கள் வெளியே கொட்டினார்கள், "பாட்டி, தள்ளி நில்லுங்க" என்று என்னையே அதட்டினார்கள். அவர்கள் அதட்டலைக் கேட்கக் கேட்க ஆனந்தமாக இருந்தது.

கூட்டம் வடிந்ததும் வாசல் காவலரிடம் போனேன். "தம்பி, உள்ள போயி ஒரு சுத்து பாத்துட்டு வாரேன், விடுவீங்களா?"

"இல்லம்மா, வெளியாளுக்கு அனுமதி இல்ல" என்றார்.

"யாரைக் கேட்டா விடுவாக?"

"ஹெட்மாஸ்டரம்மாவைக் கேக்கணும். அவங்க கிளம்பிட்டாங்க. அவங்களும் விட மாட்டாங்கம்மா."

"சரி தம்பி, நாளைக்கு வந்து அவுகளைக் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் முதல் மணி அடிப்பதற்கு முன்பே போய் நின்றேன்.